2000 ரூபா ஆம்ப், லட்ச ரூபா ஆம்புக்கு ஈடாகுங்களா?

பெருந்துறைக்காரன்:
டிபிஏ3116 சிப் போட்ட ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 2000 ரூபாய்க்குக் கெடைக்குதுங்க. ஷோரூம்ல கேட்டா லட்சத்துக்குக் கீழ எதுவுமே நெசமான சவுண்டு இல்லீங்கறாங்க. ஸ்பீக்கர் 8 ஓம், 87 டெசிபல். ரூம் 10-க்கு 12, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. அத்தன காசு போடலாமுங்களா?

சால்டரிங் கோவை:
ஆம்புக்கு வேண்டாமுங்க. அந்த ஸ்பீக்கர் 1 மீட்டர்ல 1 வாட்டுக்கு 87 டெசிபல் குடுக்குது, 10 வாட்டுக்கு 97. வீட்டுக்குள்ள அதுவே காதடைக்கும். கோளாறு, ஆம்புக்குக் கரண்டு குடுக்கற பவர் சப்ளைல. கூட வர்ற 12 வோல்ட் அடாப்டர்ல 8 ஓமுக்கு 9 வாட்தான் சுத்தமா வரும். தவில் அடி விழுந்தா அலையோட உச்சி வெட்டுப்பட்டுக் கரகரங்கும். பழி சிப் மேல விழுது. அடாப்டருக்குப் பதிலா 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (இரும்புப் பொட்டில வர்ற பவர் சப்ளை) போடுங்க, கணக்குக்கு 36 வாட். போர்டுல கெப்பாசிட்டர் 25 வோல்ட்னு இருந்தா மொதல்ல 35 வோல்ட்டா மாத்தீருங்க, இல்லாட்டி உப்பிக்கும்.

பெருந்துறைக்காரன்:
ரெண்டு ஆம்பையும் மாத்தி மாத்திப் போட்டா வித்தியாசம் கேக்குதுங்கறாங்களே?

பொள்ளாச்சி ஒலி:
சத்தத்தைச் சமம் பண்ணாமக் கேட்டா, அரை டெசிபல் கூட இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டரை ஏசில வெச்சு 2.00 வோல்ட் வர்ற மாதிரி ரெண்டு ஆம்பையும் வைங்க. 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர் அங்க தப்பாக் காட்டும். ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும். ஆம்ப் மாத்தற சுவிட்சு, ஸ்பீக்கர் வயரோட ப்ளஸ், மைனஸ் ரெண்டையும் ஒட்டுக்கா மாத்தறதா இருக்கோணும். 3116-ல மைனஸும் கிரவுண்டு இல்ல, ரெண்டு முனையும் ஆடும். ரெண்டு ஆம்போட மைனஸையும் பொதுவாச் சேத்தா சிப் போயிரலாம்.

சால்டரிங் கோவை:
ஒண்ணு ஒத்துக்கோணும். அந்தப் போர்டுகள்ல ஃபீட்பேக்கை (வெளிய வர்ற சிக்னலைத் திருப்பி உள்ள விட்டுத் தப்பைத் திருத்தறது) கடைசில இருக்கற காயில் ஃபில்டருக்கு முன்னாடியே எடுத்தர்றாங்க. 4 ஓமுக்குக் கணக்குப் போட்ட காயில்னா 8 ஓம்ல உச்ச ஸ்வரம் சித்தெ தூக்கும். அது நெசமான வித்தியாசம்தான். 82 டெசிபல், 2 ஓம் வரைக்கும் எறங்கற ஸ்பீக்கருக்கும் இந்தப் போர்டு ஆகாது.

ஆனா உங்களுக்கு ரூம்தான் வில்லன். சுவத்துக்குச் சுவர் 12 அடின்னா 47 ஹெர்ட்ஸ் பாஸும், 10 அடின்னா 56 ஹெர்ட்ஸ் பாஸும் ஊதிப் பெருத்துக் கேக்கும். சுவரோட ஒட்டி ஒக்காந்தா பாஸ் கொழகொழங்கும், நட்ட நடுவுல காணாமப் போயிரும். பின் சுவத்துல இருந்து 4 அடி தள்ளி ஒக்காருங்க. பவானி ஜமுக்காளம் விரிச்சா டைல்ஸ் கூச்சல் கொறையும், பாஸுக்கு ஒண்ணும் ஆகாது. மிச்சக் காசு ஸ்பீக்கருக்கு.

பெருந்துறைக்காரன்:
எல்ஈடி கடை எஸ்எம்பிஎஸ் ஆகுங்களா?

பொள்ளாச்சி ஒலி:
ஆகுமுங்க. லேப்டாப்பை ஆம்புல மாட்டுனா உம்முனு எரைச்சல் வரலாம். அதுக்காக எஸ்எம்பிஎஸ்ஸோட எர்த் வயரைப் புடுங்கிராதீங்க, அதோட இரும்புப் பொட்டிலயே ஷாக் அடிக்கும். லேப்டாப் சார்ஜர், எஸ்எம்பிஎஸ் ரெண்டையும் ஒரே பிளக்பாயிண்ட்ல மாட்டிப் பாருங்க.