நாளை டீமோடு ஸ்வீடிஷ் ஹோட்டலில் மதியச் சாப்பாடு, என்ன ஆர்டர் செய்வது?

புதுவரவு_மதுரை: வணக்கம். ஸ்வீடனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நாளை வியாழன், டீமே சேர்ந்து பக்கத்துத் தெருவில் உள்ள சின்ன ஹோட்டலுக்குக் கூப்பிடுகிறார்கள். மெனு ஒன்றும் புரியவில்லை, நமக்கு ஆகாததெல்லாம் இருக்கும்போல. இந்த ஊர் பேங்க் கார்டும் இன்னும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடட்டுமா?

மால்மோவாசி: சைவம்தானே? கவலையே வேண்டாம். ‘வெகெடாரிஸ்க்’ என்று ஒரு ஐட்டம் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும்.

ஒஸ்லோ_அக்கா: தம்பி, நாங்கள் எண்பதுகளில் நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க் மீன் ஆலையில் வேலை செய்தபோது மதியத்துக்குப் பாணும் பிரவுன் சீஸும்தான். கை விறைத்துப்போகும். உறைப்பாக ஒரு குழம்பு கிடைக்காதா என்று அழுதிருக்கிறேன். வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கோ, அங்கே கோப்பி மட்டும் குடியுங்கோ.

கோதென்பர்க்_செல்வி: அக்கா, அது வேண்டாம். கூட வந்தவர் சாப்பிடாமல் இருந்தால் மற்றவர்களுக்குத்தான் சங்கடம்.

சோல்னா_ராஜா: சாப்பாட்டை விடுங்கள், கார்டுதான் பெரிய தலைவலி. பெர்சன்நும்மர் (இங்கே ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) வரும்வரை பேங்கில் இழுத்தடிப்பார்கள். மொபைலில் அடையாளம் காட்டும் பேங்க்ஐடி கிடைக்காது, அது இல்லாமல் மொபைலில் பணம் அனுப்பும் ஸ்விஷ்ஷும் இல்லை.

மால்மோவாசி: வாடகை வீடு? ஸ்டாக்ஹோமில் வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கோதென்பர்க்_செல்வி: அவர் நாளைக்குப் போயாக வேண்டும், அதைப் பார்ப்போம். எது சாப்பிட மாட்டீர்கள்? இந்தியக் கார்டு இருக்கிறதா?

புதுவரவு_மதுரை: மீன், கோழி, முட்டை சாப்பிடுவேன். மாடு, பன்றி கூடாது. விசா கார்டு இருக்கிறது.

கோதென்பர்க்_செல்வி: அப்படியானால் தைரியமாகப் போங்கள். நிறைய இடங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஆனால் விசா செல்லும். இன்றைக்கே பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிடுங்கள். அவரவர் காசை அவரவர் கட்டுவதுதான் இங்கே வழக்கம்.

வியாழன் என்றால் மஞ்சள் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் இருக்கும். சூப்பில் பன்றித் துண்டு கிடக்கும், தொடாதீர்கள். இறைச்சி உருண்டையும் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்ததுதான். போர்டில் ‘ஃப்ளெஸ்க்’ என்றால் பன்றி, ‘நோட்’ என்றால் மாடு. ‘ஸ்ட்ரோமிங்’ வறுவல் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். சின்ன மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் வறுத்து, உருளைக்கிழங்கு மசியலும் லிங்கன்பெரி என்ற புளிப்பான சின்னச் சிவப்புப் பழமும் வைப்பார்கள். காரம் மட்டும் இல்லாத மத்தி வறுவல்தான் அது. ‘கிராவட் லாக்ஸ்’ என்பது உப்பும் சர்க்கரையும் டில் என்ற வாசனைக் கீரையும் போட்டு ஊறவைத்த பச்சை சால்மன், பழகாதவர்களுக்கு முதல் நாளே வேண்டாம். சந்தேகம் இருந்தால் கவுண்டரில் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

மதிய விலையில் சாலட், ரொட்டி, வெண்ணெய், காபி எல்லாம் பெரும்பாலும் அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை. கவுண்டரில் வாங்கும் இடமாக இருந்தால், சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் டிராலியில் வைத்துவிடுங்கள்.