வவிலோவ் அண்ணன், வவிலோவ் தம்பி

குழு: பெரிய வீடு

நான்: பெரியப்பா, எங்கள் பயிர் மரபியல் பாடத்தில் வவிலோவ் வருகிறார். உங்கள் இயற்பியல் புத்தகத்திலும் ஒரு வவிலோவைப் பார்த்த ஞாபகம். ஒரே ஆளா?

பெரியப்பா: இல்லை கண்ணு, அண்ணன் தம்பி. நிக்கோலாய் மூத்தவர், 1887-இல் மாஸ்கோவில் பிறந்தவர். உன் பாடத்தில் வருவது அவர்தான். செர்கேய் மூன்று வயது இளையவர், ஒளியை ஆராய்ந்தவர்.

தம்பி: அணு உலைத் தண்ணீரில் நீலமாகத் தெரியுமே, அதுவா?

பெரியப்பா: அதேதான். செர்கேயிடம் ஆய்வு செய்த செரென்கோவ் 1934-இல் கண்டது. ரஷ்யாவில் அதற்கு வவிலோவ்-செரென்கோவ் என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். 1958-இல் நோபல் பரிசு வந்தபோது செர்கேய் உயிரோடு இல்லை.

அத்தை: மூத்தவர் என்ன செய்தார் மா?

நான்: ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ என்று அலைந்து விதை சேர்த்தார் அத்தை. ஒரு பயிர் எங்கே அதிக ரகங்களோடு இருக்கிறதோ, அது அங்கேதான் தோன்றியிருக்கும் என்பது அவர் கணிப்பு. லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அவர் நடத்திய விதை நிறுவனத்தில் 2 லட்சத்துக்கும் மேல் மாதிரிகள் சேர்ந்தன.

நான்: ஆனால் மரபணுவையே ஏற்காத வேளாண் ஆய்வாளர் லைசென்கோவின் பக்கம் ஸ்டாலின் நின்றார். 1940-இல் நிக்கோலாயைக் கைது செய்தார்கள். முதலில் மரண தண்டனை, பிறகு அதை 20 வருடச் சிறையாக மாற்றினார்கள். 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். பேராசிரியராக இருந்த அதே ஊர்!

அத்தை: ஐயோ. ஊருக்கெல்லாம் சோறு கிடைக்க விதை தேடியவர்.

நான்: அதே சமயம் லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. விதைகளைக் காத்த விஞ்ஞானிகள் பலர் பசியில் செத்தார்கள், மாதிரிகளைத் தொடவில்லை. நெல் ஆய்வாளர் இவானோவைச் சுற்றி ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் இருந்தன அத்தை.

அத்தை: அரிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா! படிக்கவே முடியவில்லை மா.

தம்பி: செர்கேய் என்ன ஆனார்?

பெரியப்பா: 1945-இல் சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவரானார். 1951-இல் இறக்கும்வரை அந்தப் பதவிதான்.

தம்பி: அண்ணனைக் கொன்ற அரசிடமே பதவியா? எப்படி மனசு வந்தது பெரியப்பா?

பெரியப்பா: மாட்டேன் என்று ஸ்டாலினிடம் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா தம்பி? அவருக்கும் குடும்பம் இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான்: எனக்கு அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள முடியவில்லை பெரியப்பா. 1948-இல் லைசென்கோ மரபியலையே ஒழித்துக் கட்டியபோதும் தலைவர் செர்கேய்தானே? எத்தனை பேருக்கு வேலை போனது!

பெரியப்பா: அது உண்மை. அந்த இடத்தில் என்னிடமும் பதில் இல்லை.

அத்தை: மூத்தவர் குற்றவாளி என்றே விட்டுவிட்டார்களா அண்ணா?

பெரியப்பா: இல்லை மா, 1955-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். அந்த விதை நிறுவனத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

நான்: வெள்ளிக்கிழமை வகுப்பில் இரண்டு பேரைப் பற்றியும் பேசப் போகிறேன். செர்கேய் பகுதியை நீங்கள் எழுதித் தாருங்கள் பெரியப்பா, 1948-ஐ விடாமல்.

பெரியப்பா: சரி கண்ணு. இன்று ராத்திரியே அனுப்புகிறேன்.