குடும்பக் குழு: ஹார்வர்ட் படம்

குமரன்: 📷 படம்
இன்று பிரிட்டோரியா ஸ்வார்ட்கொப் விமானப்படைத் தளத்தில் எடுத்தது. ஹார்வர்ட் பயிற்சி விமானம்! எப்படி இருக்கு?

டர்பன் அத்தை: அருமைடா ராசா. வெயிலில் நின்றாயே, ஏதாவது சாப்பிட்டாயா?

லோடியம் மாமா: படம் தெளிவு. ஆனால் புரொபெல்லரைப் பார், நின்றுபோய் இருக்கு. இன்ஜின் அணைந்து விழப்போகிற விமானம்போலத் தெரியுது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது?

குமரன்: 1/2000 வினாடி மாமா. வேகமாக வைத்தால்தானே அசையாமல் வரும்?

லோடியம் மாமா: ஜெட்டுக்குச் சரி. ஹார்வர்டுக்கு இரண்டே இறக்கை உள்ள புரொபெல்லர். நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வை, 1/2000 வினாடியில் அது 6 டிகிரிதான் நகரும். அதனால்தான் உறைந்து நிற்குது. 1/125 வைத்தால் கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போகும். முழு வட்டம் வேண்டுமென்றால் 1/60; அரைச் சுற்று போனாலே இரண்டு இறக்கையும் சேர்ந்து வட்டத்தை நிரப்பிடும்.

பிரியா: 1/60ல் விமானமே கலங்கிப் போகாதா மாமா?

லோடியம் மாமா: போகும். நிறையப் படம் குப்பைக்குத்தான். கோவில் தேர் நகரும்போது நம் தலை தானாகத் திரும்புமே, அப்படிக் கேமராவும் விமானத்தோடு இடுப்பிலிருந்து திரும்பணும். கிளிக் பண்ணின பிறகும் நிறுத்தாதே. முதலில் 1/250ல் பழகு, அப்புறம் இறங்கு. ஃபோகஸ் தொடர்ந்து பின்பற்றுகிற முறையில் இருக்கட்டும்.

குமரன்: சரி மாமா. விமானத்தின் அடிப்பக்கம் மட்டும் கறுப்பாகவே வருது.

லோடியம் மாமா: வெளிர் வானம் கேமராவை ஏமாற்றுது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, ஒரு படி ஏற்று. இங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம், அதனால் நீ தெற்கே பார்த்து நில். உச்சி வெயிலில் ரன்வே மேல் அனல் அலையும், எந்த லென்ஸ் வைத்தாலும் பலிக்காது. காலையிலேயே போ.

டர்பன் அத்தை: ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே தம்பி. நம்மைக் குடியிருந்த வீட்டைவிட்டுத் துரத்தின நிறவெறிச் சர்க்காரின் பட்டாள விமானம் இது. அதை ஓடி ஓடிப் படம் எடுக்கணுமா?

லோடியம் மாமா: நியாயமான கேள்விதான் அக்கா. எனக்கும் அந்தச் சங்கடம் உண்டு. ஹார்வர்ட் இங்கே 1942லிருந்து 1995 வரை பயிற்சி விமானம். ஹிட்லரை எதிர்த்துப் போனவர்களும் அதில்தான் படித்தார்கள், அப்புறம் அந்தச் சர்க்காரின் பைலட்டுகளும் அதில்தான் படித்தார்கள். இரண்டும் உண்மை. எனக்கு அந்த இன்ஜின் சத்தம் பிடிக்கும், புரொபெல்லர் நுனி காற்றைக் கிழிக்கிற அந்த அலறல். அதுக்குமேல் நியாயம் சொல்லத் தெரியலை.

பிரியா: அத்தை, 1994 மே 10 மண்டேலா பதவியேற்றபோது பிரிட்டோரியா அரசு மாளிகை யூனியன் பில்டிங்ஸ் மேலே விமானப்படைதானே பறந்தது?

டர்பன் அத்தை: ஆமாம்டி! இம்பாலா ஜெட்டுகள் புதுக் கொடியின் நிறத்தில் புகை விட்டுக்கொண்டு போச்சு. டிவி முன்னால் நின்று அழுதேன். அதே படையா, நமக்கு மேலேயா என்று.

டர்பன் அத்தை: சரி, குமரா, எனக்கு ஒரு இம்பாலா படம் அனுப்பு. பெரியதாகப் பிரிண்ட் போட்டு மாட்டுகிறேன்.

லோடியம் மாமா: ஸ்வார்ட்கொப் மியூசியத்தில் தரையில் நிற்குது அக்கா, எடுத்துவிடலாம்.

பிரியா: நிற்கிற விமானத்துக்கு ஷட்டர் எவ்வளவு மாமா? 😄