‘சைன் போடுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க’: புது அக்ரிமென்ட் நெருக்கடியில் கண்டதும் கற்றதும்

வேளச்சேரி

வருட முடிவில் ஓனர் வாசலில் வந்து நின்று, “நாளைக்குள்ள புது அக்ரிமென்ட்ல சைன் போடுங்க, இல்லேன்னா வேற வீடு பாருங்க” என்று சொல்வது நகரத்தில் பலருக்கும் பழகிப்போன காட்சி. வாடகைக்காரர்களுக்காக அலைந்தவர்கள், ஆவணம் எழுதுகிறவர்கள், நீதிமன்றப் படியேறி வேலை பார்ப்பவர்கள் இங்கே எழுதலாம். சொந்தக் கதை வேண்டாம். தாளில் என்ன இருந்தது, எதைச் செய்தால் எடுபட்டது, எதில் சறுக்குகிறார்கள் என்பது போதும்.

சைதாப்பேட்டை, வழக்கறிஞர் அலுவலகம்

முதலில் ஒரு தப்பான அறிவுரையைத் தள்ளிவிடுகிறேன். “எதிலும் கையெழுத்துப் போடாதீங்க, ஓனரால ஒண்ணும் பண்ண முடியாது.” பழைய 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் இது ஓரளவு செல்லுபடியானது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றி 22.02.2019 முதல் நடப்பில் இருக்கும் ‘தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்’தான் இப்போது பேசும்.

புதுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. 21(2)(அ) பிரிவு, எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதையே வெளியேற்றும் காரணமாக வைத்திருக்கிறது. இந்த ஒரு காரணத்தை வைத்தே வெளியேற்ற உத்தரவு வாங்கிய வழக்குகள் ஏராளம். அவற்றில் பல சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் நிலைத்திருக்கின்றன. வாய்ப்பேச்சிலேயே இருபது வருடம் கடைக்கு வாடகை கொடுத்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஓனர் ஒரு வரைவை அனுப்புவார். வாடகைக்காரர் பதிலே சொல்ல மாட்டார். ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வரும். “ஒப்பந்தம் போடக் கூப்பிட்டேன், வரவில்லை” என்று மனுவில் ஒரே வரி எழுதினால் ஓனருக்கு வேலை முடிந்தது.

ஆகவே மறுக்கவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். சம்மதம் சொல்லித் திருத்தம் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“தாங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய ஒப்பந்த வரைவு கிடைத்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எனக்குச் சம்மதம். ஷரத்து 4, 9, 14 ஆகியவற்றில் மட்டும் கீழ்க்கண்ட திருத்தம் கோருகிறேன். திருத்தத்துடன் நான் கையெழுத்திட்ட இரண்டு பிரதிகளை இணைத்துள்ளேன். தாங்கள் கையெழுத்திட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பவும். இந்த மாத வாடகை ரூ.15,000 தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுவிட்டது.”

இதில் ஒரு வரிகூட சண்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தம் போடாமல் இழுத்தடித்தது யார் என்ற கேள்வி பின்னால் எழுந்தால், அதற்கு இந்தத் தாள்தான் பதில். ‘பதிவு அஞ்சல்’ 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. தபால் நிலையத்தில் விரைவு அஞ்சல் என்றே கேட்டு, சேர்த்ததற்கான அத்தாட்சியும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. அந்த மை ஒரே வருடத்தில் மங்கிவிடும்.

மதுரை, ஆவண எழுத்தர்

மேலே சொன்னது சரி. தாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

கையில் ஸ்டாம்ப் பேப்பர் வந்ததும் மக்கள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறார்கள். முதலில் அதைத் திருப்பி விற்பனையாளர் முத்திரையைப் பாருங்கள். யார் பெயரில் வாங்கியது, என்ன தேதி, வரிசை எண் என்ன என்பதெல்லாம் அங்கே இருக்கும். இரண்டு தரப்பில் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். மூன்றாம் ஆள் பெயரில் இருந்தாலோ, தாள் வாங்கிய தேதி ஒப்பந்தத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலோ அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்தேதியிட்ட ஒப்பந்தம் பிடிபடுவது பெரும்பாலும் இந்த முத்திரையால்தான்.

இரண்டாவது, காலியிடங்கள். “வாடகை ரூ._____, காலம் ____ மாதம்” என்று விட்டுவிட்டு, “அப்புறம் நிரப்பிக்கலாம் சார்” என்பார்கள். கூடாது. எண்ணாலும் எழுத்தாலும் நிரப்பி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலேயே இரண்டு சுருக்கொப்பம். வெற்றுத் தாளில் கையெழுத்து, காசோலை, ‘காலி செய்து கொடுத்தேன்’ என்று தேதி போடாமல் எழுதிய கடிதம் ஆகிய மூன்றையும் அட்வான்ஸோடு சேர்த்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மூன்றாவதுதான் மோசம். அதில் தேதி போட்டால் நீங்களே போய்விட்டதாக ஆகிவிடும்.

புது வரைவில் பழையதில் இல்லாத வரிகள் எங்கே நுழைகின்றன என்றால்:

‘வாடகைதாரர்’ என்ற சொல் ‘உரிமம் பெற்றவர்’ ஆகியிருக்கும். மும்பைப் பக்கத்து ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ மாதிரியை இணையத்தில் எடுத்து மொழிபெயர்த்ததால் வருவது இது. உரிமம் பெற்றவருக்கு இடத்தின் மேல் எந்த உரிமையும் ஏற்படுவதில்லை. திரும்பப் பெறுவதும் சுலபம். சொல்லை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாதுதான். ஆனாலும் அந்த வாதத்தை எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

“உரிமையாளர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்வையிடலாம்” என்று ஒரு வரி. சட்டப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்பு, காலை 7 முதல் இரவு 8-க்குள் வருகை. இதையே எழுதச் சொல்லுங்கள்.

“எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு.” சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தேய்ந்த தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்வயரிங் ஆகியவை ஓனருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு நம்முடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் அதுதான் நிற்கும் என்பதால் இந்த வரியைப் படிக்காமல் விடாதீர்கள். காலி செய்யும்போது ‘பெயின்டிங்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிறகு அந்தப் 11 மாதம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2017 சட்டப்படி வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்தவர்) செய்யும் பதிவு தனி. 11 மாதமானாலும் 3 மாதமானாலும் அது வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம், ஓனர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம், இருவரின் அடையாளச் சான்று நகல்கள் தேவை. பதிவானால் ஓர் எண் கிடைக்கும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

முத்திரைத் தீர்வை இன்னொன்று. 30 வருடத்துக்கு உட்பட்ட குத்தகைக்கு 1 சதவீதம். மாதம் 15,000 வீதம் 11 மாதம் என்றால் வாடகைக்கு மட்டுமே 1,650 ரூபாய் ஆகிறது. சின்னத் தாளில் எழுதிவிட்டு, பின்னால் நீதிமன்றத்தில் அதைக் காட்டும்போது குறைவுத் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதம் கேட்பார்கள். நூறு இருநூறைப் பார்த்து இங்கே கோட்டை விடுகிறவர்களே அதிகம்.

தாம்பரம்

மதுரைக்காரர் அட்வான்ஸை விட்டுவிட்டார். “மூணு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு” என்று பலரும் மேற்கோள் காட்டும் 11-ஆம் பிரிவை முழுசாகப் படியுங்கள். மாறுபட்ட உடன்பாடு இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. அந்த ‘மாறுபட்ட உடன்பாடு’ எது? நீங்கள் கையெழுத்திடப் போகும் தாளேதான். 15,000 வாடகைக்குப் பத்து மாதம் என்று 1,50,000 எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 45,000-தான் வரம்பு என்று வாதாடினால் எடுபடுவது கஷ்டம். பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்.

புதுப்பிக்கும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கும். வாடகை 10 சதவீதம் ஏறும், அட்வான்ஸும் கூடவே ஏறும். ஆனால் பழைய அட்வான்ஸ் ரொக்கமாகக் கொடுத்தது என்பதால் புதுத் தாளில் அது இருக்காது. “முந்தைய ஒப்பந்தப்படி பெற்ற முன்பணம் ரூ.1,00,000 இந்த ஒப்பந்தத்தின் முன்பணமாகத் தொடர்கிறது” என்ற வரி இல்லாமல் தொடாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிவு போக மீதியைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். “அடுத்த ஆள் வந்ததும் தருவோம்” என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

வாடகையை ‘வாடகை 9,000, பராமரிப்பு 6,000’ என்று பிரித்து எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. ஓனரின் வரிக் கணக்குக்கு அது தோது. சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கு (எச்ஆர்ஏ) நீங்கள் காட்டும் வரிக் கழிவு மட்டும் 9,000 வாடகைக்குச் சுருங்கிவிடும்.

கோயம்புத்தூர்

பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளே வெளியே போக வேண்டும் என்று பயந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் 5-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், பழைய ஷரத்துகளிலேயே மாதா மாதம் நீள்வதாகக் கருதப்படும். அதிகபட்சம் ஆறு மாதம். அந்த ஆறு மாதம் நிம்மதியாகத் தூங்குவதற்கு இல்லை, பேசி முடிப்பதற்கு. முடிவதற்கு முன்பே “புதுப்பிக்க வேண்டும்” என்று வாடகைக்காரரே எழுத்தில் கேட்கவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. இரண்டு மாதம் முன்னால் கேட்டுவிடுவது உத்தமம்.

நெருக்கடி பேச்சில் ஆரம்பித்து வாடகையை வாங்க மறுப்பதில் முடியும். இதுதான் வலை. இரண்டு மாத பாக்கி இருந்தாலே வெளியேற்றக் காரணம் தயார். ஓனர் ஜிபே-யில் பிளாக் செய்திருப்பார், பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஒப்பந்தத்திலோ பழைய ரசீதிலோ உள்ள வங்கிக் கணக்குக்கு நேராகப் போடுங்கள், குறிப்பில் ‘ஜூன் வாடகை, கதவு எண் இன்னது’ என்று எழுதுங்கள். வெறும் எண்ணாகப் போன பணத்தை “அது கைமாத்து” என்று சொன்னவர்களும் உண்டு. கணக்கு எண்ணே இல்லையா, மணியார்டர் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் வாங்காமல் திரும்பினால் 14-ஆம் பிரிவின்படி வாடகை அதிகாரியிடம் கட்டலாம். ‘மறுத்துவிட்டார்’ என்று தபால்காரர் எழுதித் திரும்பிய தாளைக் கிழித்துப் போடாதீர்கள்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஈபி பியூஸைப் பிடுங்குவது 20-ஆம் பிரிவில் வரும். வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவு கேட்கலாம். பிடுங்கிய பியூஸ், நின்ற மீட்டர், அன்றைய தேதி தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பக்கத்து போர்ஷனில் விளக்கு எரிவதும் அதே வீடியோவில் தெரிய வேண்டும். இல்லையென்றால் “ஏரியாவிலேயே கரண்ட் இல்லை” என்று பதில் வரும்.

வேளச்சேரி

போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தால்?

சைதாப்பேட்டை, வழக்கறிஞர் அலுவலகம்

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை, அது வாடகை நீதிமன்றத்தின் வேலை. கூப்பிட்டால் போங்கள். ஒப்பந்த நகல், வாடகை கட்டிய வங்கி விவரம் இரண்டையும் எடுத்துப் போய், “சிவில் விஷயம் சார், எழுத்தில் பதில் கொடுத்திருக்கேன்” என்று சொன்னால் போதும். அங்கே வைத்து எழுதித் தரச் சொல்லும் ‘ஒரு மாசத்துல காலி பண்றேன்’ கடிதத்தை எழுதாதீர்கள். மிரட்டல், பூட்டை உடைப்பது என்று போனால் நீங்களும் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்திவிட்டால், 1963-ஆம் வருடக் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் அனுபவத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். கெடு ஆறு மாதம்தான்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கோயில் இடம், வக்ஃப் இடம், அரசுக் கட்டடம் இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே கதை வேறு.

அம்பத்தூர்

வீடு கைமாறும்போதும் இதே நெருக்கடி வரும். புது ஓனர், “பழைய அக்ரிமென்ட் செல்லாது, அட்வான்ஸை அவர்கிட்டயே வாங்கிக்கோங்க” என்பார். விற்பனையால் நடப்பு ஒப்பந்தம் செத்துவிடாது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 109-ஆம் பிரிவின்படி வாங்கியவர் விற்றவரின் இடத்துக்கு வருகிறார். கிரயப் பத்திர நகலும், இனி வாடகையை யாரிடம் கட்ட வேண்டும் என்று பழைய ஓனர் எழுதிய கடிதமும் கேளுங்கள். அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது என்பது அந்தக் கடிதத்திலேயே வந்துவிடட்டும்.

வாடகையை நிறுத்தி ‘லீஸுக்கு மாத்திக்கலாம், எட்டு லட்சம் போடுங்க’ என்று புதுத் தாள் நீட்டினால் உடனே வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி ஏலம் விடும்போது உங்கள் எட்டு லட்சம் வரிசையின் கடைசியில் நிற்கும். போக்கியம் (வாங்கிய பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது) என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது.

தாம்பரம்

ஏற்கெனவே மிரண்டு போய்க் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஏதாவது வழி?

சைதாப்பேட்டை, வழக்கறிஞர் அலுவலகம்

உண்டு, ஆனால் குறுகலான வழி. வற்புறுத்தலில் பெற்ற சம்மதத்தை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தவிர்க்கலாம் என்கிறது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. “கேஸ் போடுவேன்” என்பது வற்புறுத்தல் ஆகாது, அது அவர் உரிமை. “சாமானைத் தெருவில் எறிவேன், பையனை வழியில் பார்த்துக்கறேன்” என்பது ஆகும். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அதனால் அந்த வாரத்திலேயே, இன்ன தேதியில் இன்னின்ன மிரட்டலால் கையெழுத்திட்டேன், இந்த ஷரத்துகளை ஏற்கவில்லை என்று விரைவு அஞ்சலில் எழுதிவிடுங்கள். ஏறிய வாடகையைப் பேசாமல் மூன்று மாதம் கட்டிவிட்டு நான்காம் மாதம் வந்தால், “இத்தனை நாள் சம்மதமாத்தானே கட்டினீங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.