உதவி: ஃபூர்தெவெந்துராவில் கற்களுக்கு நடுவே ஓடும் சிறு பறவை எது?

கேள்வி: வணக்கம். கேனரி தீவுகளில் ஃபூர்தெவெந்துராவுக்கு வந்திருக்கிறேன். விடுதிக்குப் பின்னால் மரமே இல்லாத கல்லாந்தரை. காலையில் அங்கே ஒரு பறவை. சிட்டுக்குருவி அளவுதான், ஆனால் ஒல்லி. குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிமிர்ந்து நின்று என்னைப் பார்க்கும், மறுபடி ஓடும். நாலடி தூரம் வரை போனேன், பறக்கவேயில்லை. சாம்பல் முதுகு, வெளிர் வயிறு, மார்பில் கோடுகள். வானம்பாடிதானே?

பதில் 1: கொண்டை வானம்பாடியாக இருக்குமோ? நம்மூர்த் தரிசில் அதுவும் இப்படித்தான் ஓடும்.

கேட்டவர்: கொண்டை இல்லைங்க.

பதில் 2: அலகு எப்படி? அந்தத் தீவில் ஒரு சின்ன வானம்பாடியும் உண்டு, அதற்குக் கட்டையான, தடித்த அலகு. அலகு ஊசிபோல மெல்லியதாக, கால் நீளமாக இருந்தால் அது நெட்டைக்காலி. நம் வயல் நெட்டைக்காலியின் உறவு.

கேட்டவர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய அலகேதான்! கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம்போல ஒரு கோடு.

பதில் 2: அப்படியென்றால் பெர்த்தலோ நெட்டைக்காலி. அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரி, மதேரா, செல்வாஜென்ஸ் தீவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. கேனரித் தீவுகளில் ஒன்றான தெனெரிஃபேயில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பெர்த்தலோவின் பெயரை 1862-இல் வைத்தார்கள். எனக்கென்னவோ உள்ளூர்ப் பெயர்கள்தான் பிடிக்கும்: ஸ்பானியத்தில் 'காமினேரோ' (பாதைக்குரியது), மதேராவில் 'பாதையில் ஓடுபவன்' என்ற பொருளில் ஒரு பெயர். நீங்கள் எழுதியதும் அதைத்தானே! கடலோரம் மட்டுமல்ல, தெனெரிஃபேயின் தெய்தே எரிமலையடியில் 2,000 மீட்டர் உயரத்திலும் இருக்கும்.

பதில் 3: ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வேறு நெட்டைக்காலிகளும் அங்கே வரும். முதுகைப் பாருங்கள். புல்வெளி நெட்டைக்காலிக்கு முதுகிலும் விலாவிலும் அழுத்தமான கோடுகள் இருக்கும். பெர்த்தலோவுக்கு முதுகு கிட்டத்தட்ட வெறும் சாம்பல். அப்புறம், இது தரையில், செடியடியில்தான் கூடு கட்டும். தயவுசெய்து பாதையை விட்டு வண்டியை இறக்காதீர்கள், நடக்கும்போதும் காலடியைப் பார்த்து நடங்கள்.

கேட்டவர்: முதுகில் கோடே தெரியவில்லை. அப்போ அதேதான்! ரொம்ப நன்றி. நாளைக் காலை பாதையிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன், அதுவே கிட்டே வரும்போலிருக்கிறது.