விடியுமுன் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எனக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை, எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். கணவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுக்கு முன்னதாகவே போய்விடுவார்.

மூத்தவன் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, தானே கிளம்பி வேன் ஏறிவிடுவான். பிரச்சினை பாலர் பள்ளிக்குப் போகும் சின்னவளிடம்தான். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சமே வருகிறது. ஆறு மணி இருட்டில் எழுப்பினால் அழுகை, ஒரு வாய்கூட இறங்காது. வற்புறுத்தினால் ஓங்கரிக்கிறாள். ஒன்பது மணிக்குள் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாளாம். பள்ளி திறந்ததிலிருந்து இதே கதை. விடுமுறையில் எட்டு மணிக்கு எழுந்தால் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிடும் பிள்ளை! கிளினிக்கில் காட்டியாயிற்று, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

சட்டை தேய்ப்பது, பை அடுக்குவது எல்லாம் இரவே முடிந்துவிடும். ஒன்பதுக்கெல்லாம் படுக்க வைக்கிறேன். அரை மணி முன்னால் எழுப்பிப் பார்த்தேன், இன்னும் மோசம். இட்லி, ரொட்டி, பிஸ்கட் எதுவும் ஆகவில்லை. மைலோ மட்டும் பாதி குவளை குடிப்பாள். காரில் கொடுத்தால் வாந்தி. பாலர் பள்ளியில் பத்து மணிக்குத்தான் சாப்பாடு, அதற்கு முன் ஊட்ட ஆளில்லை என்கிறார்கள்.

இந்த வயதுப் பிள்ளையை இருட்டில் கிளப்பும் அம்மா அப்பாக்களே, அந்நேரத்தில் வயிற்றில் தங்கும்படி என்ன கொடுக்கிறீர்கள்?