ஜெய்மியின் பக்கம் நின்று படித்த நாள்கள்

பழையாறைக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவள் நான். நல்லவள், கெட்டவள் என்று பிரிக்க முடியாத கதைமாந்தர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவள் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நந்தினிதான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலில் தொடங்கும் நாவல் வரிசையை அண்ணன் கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்தபோது, அவளைப் போன்ற ஒருத்தியை அதிலும் தேடினேன். எனக்கு வாய்த்தவன் ஜெய்மி லானிஸ்டர்.

1996இல் வெளிவந்த முதல் நூலிலேயே, தன் இரகசியத்தைக் கண்டுவிட்ட பிரான் என்ற ஏழு வயதுச் சிறுவனை அவன் கோபுரச் சன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். பிள்ளை பிழைத்துக்கொண்டாலும் கால்கள் செயலிழந்துபோகின்றன. இந்நாவல்களில் ஒவ்வோர் அத்தியாயமும் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தாங்கி, அவர் பார்வையிலேயே நகரும். முதல் இரண்டு நூல்களில் ஜெய்மிக்கு அத்தகைய அத்தியாயம் ஒன்றுகூடக் கிடையாது. 2000இல் வந்த மூன்றாம் நூலில்தான் ஆசிரியர் அவன் மனத்துக்குள் நம்மை அனுமதிக்கிறார். வலக்கையை இழந்து, காய்ச்சலோடு வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து, தான் காக்க வேண்டிய மன்னன் ஏரிஸைக் கொன்றது ஏன் என்று அவன் பிரியன் என்ற பெண் வீராங்கனையிடம் சொல்கிறான்: தோல்வி உறுதியானதும் தலைநகரையே மக்களோடு எரித்துவிடத் துணிந்தவன் அம்மன்னன். ராஜத்துரோகி என்று தன்னைத் தூற்றிய ஊரைக் காத்தவன், அதை வெளியே சொல்லாமலே இத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கிறானே என்று அன்றிரவு அழுதேன்.

என்னை உறுத்தத் தொடங்கியது நான்காம் நூல். அதில் ஜெய்மிக்கு ஏழு அத்தியாயங்கள்; பிரானுக்கு ஒன்றும் இல்லை. நீண்டுவிட்ட கதையை ஆசிரியர் இடவாரியாக இரு நூல்களாகப் பிரித்ததே காரணம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், தள்ளியவனோடு நாள்கணக்கில் வாழ்ந்து அவன் வலிக்கெல்லாம் இரங்கிய எனக்கு, விழுந்தவனைக் காணவே வாய்க்கவில்லை.

"நந்தினிக்காக இரங்குகிறாய், இவனுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று அண்ணன் கேட்டார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது, நந்தினியுடையதா என்பதைக் கல்கி கடைசிவரை அறுதியிட்டுச் சொல்லவில்லை; அந்த ஐயத்தில்தான் என் இரக்கம் தங்குகிறது. ஜெய்மி தள்ளியதையோ நான் பிரானின் கண்வழியே பார்த்தவள். ஒரு நகரத்தைக் காத்தது அந்தப் பிள்ளைக்குச் செய்ததற்கு ஈடாகும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அவனை வெறுக்கவும் இப்போது முடியவில்லை.

2011இல் வந்த ஐந்தாம் நூல்வரை இருவரும் மீண்டும் சந்திக்கவில்லை. அப்படியொரு சந்திப்பு எழுதப்பட்டால், அந்த அத்தியாயம் பிரானின் பெயரைத் தாங்கி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.